புழுக்களுக்குப் படிக்காத வரி

ஜின்ஜு நகரத்து ஆற்றங்கரையில் விளக்குத் திருவிழா நடக்கும் நாட்களில், வேகவைத்த பட்டுக் கூட்டுப்புழுவைக் காகிதக் கோப்பையில் போட்டு விற்பார்கள். ஊரே அதைப் பல்குச்சியால் குத்திக் குத்தித் தின்னும். பியோ கிதேக் மட்டும் அந்தத் தள்ளுவண்டியைக் கண்டால் சாலையின் எதிர்ப்பக்கம் போய்விடுவார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் நடத்துகிறவர், இப்படி ஒதுங்கிப் போவதைப் பார்த்து அவருடைய மாணவர்கள் சிரிப்பார்கள். சாருக்குப் புழு என்றால் பயம் என்று அவர்களுக்குள் பேச்சு. பயமெல்லாம் இல்லை. பழகினவர்களை எப்படித் தின்பது, அவ்வளவுதான்.

ஏழு வருடம் அந்தப் புழுக்களோடு குடித்தனம் நடத்தியவர் அவர். அந்த வருடங்களைப் பற்றி யாராவது வாயைக் கிளறிவிட்டால் போதும், டியூஷன் வேலையை மறந்து பேசிக்கொண்டே இருப்பார். அப்போது அவர் முகத்தில் வரும் வெளிச்சத்தைப் பார்த்து அவர் மனைவி சுக்யோங் சொல்வாள்: "எங்க கல்யாண போட்டோவுல கூட இந்த மூஞ்சி இல்ல." சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். ஆனால் பொறாமை கொஞ்சம் இருக்கத்தான் செய்தது.

அப்போது அவர் 'அவர்' இல்லை. வெறும் கிதேக். முப்பத்தோரு வயது, முழங்கை தேய்ந்த ஸ்வெட்டர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிகரெட் பாக்கெட். பல்கலைக்கழகத்து வேளாண் கல்லூரியின் பழைய கட்டடத்தில் பேராசிரியர் ஓக்கின் ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே அவன்தான் மூத்த மாணவன். முனைவர் பட்டத்துக்காக உட்கார்ந்து உட்கார்ந்து நாற்காலிக்கே அவன் வடிவம் வந்துவிட்டது என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

அந்த ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு பக்கம். நடுவில் ஒரு நீளமான நடை. இடப்பக்கத்து அறைகளும் அதைத் தாண்டி இருந்த கண்ணாடி வீடும் இலைக்காரர்களுடையவை. வலப்பக்கம் புழுக்காரர்கள். இரண்டு பக்கமும் தேடியது ஒன்றைத்தான். அம்மை வந்து போனால் நம் உடம்பு அதை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஆனால் இந்த ஞாபகமெல்லாம் பிற்பாடு வந்த வசதி. அதற்கு முன்பே, யாரும் சொல்லிக்கொடுக்காமல், பிறக்கும்போதே கூடவந்த காவல் ஒன்று எல்லா உயிருக்கும் உண்டு. செடிக்கும் புழுவுக்கும் அந்தக் காவல் மட்டும்தான். அதைத்தான் அவர்கள் படித்தார்கள்.

மிளகாய் இலையில் ஒரு வைரஸ் நுழைந்தால், நுழைந்த இடத்தில் இருக்கும் செல் தன்னைத்தானே கொன்றுகொள்ளும். பக்கத்தில் இருப்பவையும் கூடச் செத்துப்போகும். வைரஸ் அந்தப் பிணக்கூட்டத்துக்குள் சிக்கி, மேலே போக வழியில்லாமல் முடிந்துபோகும். மிச்சம் இருப்பது இலையில் ஒரு பழுப்புப் புள்ளி. பட்டுப்புழுவின் வழி வேறு. அதன் ரத்தம் தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். பாக்டீரியாவின் தோலையோ பூஞ்சையின் தோலையோ அது மோப்பம் பிடித்துவிட்டால், சற்று நேரத்தில் மை போலக் கறுத்துவிடும். எதிரியைக் கறுப்புக்குள் போட்டுப் புதைத்துவிடுகிற வித்தை. கிதேக் அந்த ரத்தத்தைச் சிறு கண்ணாடிக் குழிகளில் விட்டு, எதைச் சேர்த்தால் கறுக்கிறது, எதைச் சேர்த்தால் கறுக்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு வருடம்.

நடையைத் தாண்டி ஒரு பக்கத்தார் மறுபக்கம் போகக் கூடாது. இது பேராசிரியர் போட்ட சட்டம். காரணம் இல்லாத சட்டமும் இல்லை. இலைக்காரர்கள் கண்ணாடி வீட்டில் பூச்சிமருந்து அடிப்பார்கள். அந்த வாசனை சட்டையில் ஒட்டியிருந்தால்கூட மறுநாள் புழுக்கள் தட்டு தட்டாகச் செத்துக் கிடக்கும். புழுக்காரர்களில் கிதேக் சிகரெட் பிடிப்பவன். புகையிலையில் இருக்கும் வைரஸ் புகைப்பவன் விரலில் ஒட்டிக்கொண்டு வந்து மிளகாய்ச் செடியில் ஏறிவிடும். பால் அந்த வைரஸை முடக்கும் என்பதால், புகைப்பவன் உள்ளே போவதானால் பாலில் கை கழுவ வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தது. ஆனால் அவனைப் பாலில் குளிப்பாட்டினாலும் உள்ளே விடமாட்டேன் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். ஆகவே அவன் எது பேசினாலும் கண்ணாடி வீட்டுக் கதவுக்கு வெளியே நின்றுதான் பேசுவான். பொருட்கள் கைமாற நடையின் நடுவில் ஒரு மேசை கிடந்தது.

அந்த மேசைக்கு அப்பால் நின்றவள் ஹேரிம். தோ ஹேரிம், முதுகலை இரண்டாம் வருடம், இலைப்பக்கம். வாய் நீளம், வேலை சுத்தம். வைரஸ் தாக்கிய மிளகாய் இலையை அரைத்து, சாறு எடுத்து, சின்னக் குப்பிகளில் கொண்டுவந்து வைப்பாள். கூடவே நல்ல இலையின் சாறும் இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க. கிதேக் இரண்டையும் புழு ரத்தத்தில் விட்டுப் பார்ப்பான். சாகிற இலைக்குள் ஏதாவது சங்கதி இருந்தால் புழுவின் ரத்தத்துக்கு அது புரியுமா என்று கேட்பதுதான் அவனுடைய ஆய்வின் கடைசி அத்தியாயம்.

"ஏ கீரைக்காரி! சாறு கொண்டாந்தியா, சூப்பு கொண்டாந்தியா? ஒரே திப்பியா மிதக்குது."

"நோவு புடிச்ச இலைண்ணே. அரைச்சா கோந்து மாதிரி வருது. நான் என்ன பண்றது?"

"என்னத்தையாவது பண்ணு. எனக்குக் கண்ணாடி மாதிரி வரணும். இந்தத் திப்பி ரத்தத்துல விழுந்தா என் புழு என்னை மன்னிக்காது."

"தெனமும் கால்ல ஊசியால குத்தி ரத்தம் எடுக்குறீங்களே, அதுக்கெல்லாம் மன்னிச்சிடுச்சாக்கும்!"

அடுத்த வாரத்திலிருந்து சாறு கண்ணாடி மாதிரியே வந்தது. கிதேக்குக்கு மகிழ்ச்சி. எப்படித் தெளியவைத்தாய் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். இந்தக் கதையே அந்த ஒரு கேள்வியில் முடிந்திருக்கும்.

அதோடுதான் அந்த அதிசயமும் வந்தது. நல்ல இலையின் சாறு விட்ட குழிகள் தேன் நிறத்திலேயே இருந்தன. நோயுற்ற இலையின் சாறு விட்ட குழிகள் வரிசையாகக் கறுத்தன. திரும்பச் செய்தான், கறுத்தது. வேறு புழுக்களின் ரத்தத்தில் செய்தான், கறுத்தது. வைரஸுக்குப் புழு ரத்தம் மோப்பம் பிடிக்கிற மாதிரியான தோல் கிடையாது. அப்படியானால் கூப்பாடு போடுவது இலையேதான். சாகப்போகிற இலையின் கூப்பாடு ஒரு புழுவின் ரத்தத்துக்குப் புரிகிறது. ஆபத்து என்றால் செடிக்கும் பிராணிக்கும் ஒரே மொழி!

பேராசிரியர் ஓக்குக்குத் தலைகால் புரியவில்லை. சாதாரணமாக ஒரு காப்பி வாங்கித் தரவே யோசிக்கிற மனிதர் அன்று எல்லோருக்கும் கறுப்பு நூடுல்ஸும் இனிப்புப் புளிப்புப் பன்றிக்கறியும் வரவழைத்தார். மறு வருடம் ஜப்பானில் நடக்கவிருந்த மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் எழுதி அனுப்பினார். கிதேக்கின் தோளில் தட்டி, "பிப்ரவரில பட்டத்தை வாங்கிட்டுப் போய்த் தொலை. உன் நாற்காலி எனக்கு வேணும்" என்றார். அவர் வாயிலிருந்து வரும் அதிகபட்சப் பாராட்டு அது.

தொலைந்து போக இடமும் தயாராக இருந்தது. கடலோரத்தில் ஒரு கல்லூரி. மார்ச் மாதம் விரிவுரையாளர் வேலை. பட்டம் கையில் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. சுக்யோங் அவனுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கோட்டு சூட் தைக்கக் கொடுத்தாள். ஏழு வருடமாக அவள்தான் குழந்தைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்து வீட்டை ஓட்டியவள். மாமியார் தான் போகிற பொதுக் குளியல் விடுதியில் எல்லாம், நீராவிக்குள் உட்கார்ந்தபடியே, "என் மாப்பிள்ளை புரொபசர்" என்று சொல்லிவிட்டு வந்தாள். கிதேக்கின் குட்டி மகள் ஸோல், அப்பா இனிமேல் புழுவா புரொபசரா என்று கேட்டாள். ரெண்டும்தான் என்றான் அவன். நல்ல நாட்கள்.

அது தொண்ணூற்றேழாம் வருடம், நவம்பர் தொடக்கம். கண்ணாடி வீட்டுக்கு வெளியே சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு வாரம் ஹேரிம் அனுப்பிய சாறுகளில் இரண்டுமே கறுத்தன. நோயுற்ற இலையும் கறுப்பு, நல்ல இலையும் கறுப்பு. குப்பிகளை மாற்றிவிட்டாளோ என்று கிதேக் கோபத்தோடு கண்ணாடி வீட்டுக்குப் போனான். கதவில், நின்று பேசுவதற்காகவே, ஒரு சின்னத் திறப்பு இருந்தது.

"ஹேரிம்! குப்பியை மாத்தி வச்சிட்டியா?"

உள்ளே செடிகளுக்கு நடுவிலிருந்து அவள் நிமிர்ந்தாள். "சத்தியமா இல்லண்ணே. பேர் எழுதி ஒட்டித்தானே வச்சேன்."

"அப்ப என்ன மாத்திப் பண்ணின?"

"ஒண்ணும் மாத்தலயே. ரோட்டுத் தூசி வந்து நல்ல இலையிலயும் படிஞ்சிடுச்சு. சாறு கலங்கலா இருந்துது. சரின்னு அதையும் நோவு இலை மாதிரியே வடிச்சேன்."

"எப்படி வடிச்ச?"

அவள் கோட்டுப் பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்துக் கண்ணாடியின் மேல் அழுத்திக் காட்டினாள். மருந்துக்கடையில் விற்கும் வெள்ளைப் பஞ்சு. ஒரு உருண்டை.

கிதேக் முதலில் சிரித்தான். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். கையில் பற்றவைக்காத சிகரெட் ஒன்று இருந்தது. அதை விரல்கள் தாமாகவே நசுக்கிக்கொண்டிருந்தன.

புழுக்காரர்களின் அறையில், ரத்தம் எடுக்கிற மேசைக்கு நேர் மேலே, ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது: பஞ்சு, காகிதம், மரத்தூள் உள்ளே வரக் கூடாது. எழுதி ஒட்டியவனே கிதேக்தான். பூஞ்சையின் தோலில் இருக்கும் ஒரு பொருளுக்குப் பங்காளி பஞ்சிலும் காகிதத்திலும் துளியளவு உண்டு. புழு ரத்தத்துக்கு அந்தத் துளி போதும். பூஞ்சை வந்துவிட்டது என்று நினைத்துக் கறுத்துவிடும். புழு ரத்தத்தோடு வேலை செய்கிறவர்கள் முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற பாடம் இது. இலைக்காரர்களுக்கு அது தெரியவேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் பஞ்சில் வடிகட்டாத பொருளே கிடையாது.

ஹேரிம் வெளியே வந்து பக்கத்தில் நின்றாள். அவன் விளக்கினான். விளக்க விளக்க அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்ப இத்தனையும்... பஞ்சா? நல்ல இலைக்குப் பஞ்சு வைக்கல, நோவு இலைக்கு வச்சேன். அதுதான் கறுப்பா?"

"அதுதான்."

"என்னாலயா அண்ணே?"

"உன்னால இல்ல. நீ எப்படி வடிக்கிறேன்னு உள்ள வந்து ஒரு தரம் பார்த்திருந்தா அந்த நிமிஷமே தெரிஞ்சிருக்கும். ஏன் வரல? இதால." நசுங்கிய சிகரெட்டைத் தூக்கிக் காட்டினான். "இது என் நுரையீரலைத்தான் கெடுக்கும்னு டாக்டர் சொன்னாரு. என் ஆய்வையும் கெடுக்கும்னு சொல்லல."

அவள் சிரிக்கவில்லை. அவன் அறைக்குப் போய், வெறும் சுத்தமான தண்ணீரைப் பஞ்சில் வடித்து, ஒரு சொட்டு ரத்தத்தில் விட்டான். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தான். பக்கத்துத் தட்டுகளில் புழுக்கள் முசுக்கட்டை இலையைத் தின்னும் சத்தம் மழைச் சத்தம் போலக் கேட்டுக்கொண்டிருந்தது. தேன் நிறம் மெல்லப் பழுப்பானது, பழுப்பு கறுப்பானது. வாழ்நாளில் எத்தனையோ குழிகள் கறுப்பதைப் பார்த்திருக்கிறான். கறுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு பார்த்தது அது ஒன்றைத்தான்.

அவன் யோக்கியன்தான். ஆனால் யோக்கியனுக்கும் குடும்பம் உண்டு. ஆய்வேட்டுத் தேர்வாளர்கள் ஐந்து பேரில் புழு ரத்தம் தெரிந்தவர் பேராசிரியர் ஓக் ஒருவர்தான். அவர் இலைச்சாறு வடிப்பதை நேரில் பார்த்தவர் இல்லை. யாரும் கேட்கப் போவதில்லை. பட்டத்தை வாங்கிக்கொண்டு, கல்லூரியில் சேர்ந்து, பிறகு நிதானமாக ஒரு திருத்தம் எழுதினால் என்ன? இப்படித்தான் அவன் மனது கணக்குப் போட்டது.

மறுநாள் மேசையடியில் ஹேரிமிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "கொஞ்ச நாள் யார்கிட்டயும் சொல்லாத. நான் யோசிக்கிறேன்."

"நான் ஏண்ணே சொல்லப் போறேன். அது உங்க ஆய்வு, உங்க வாய்தான் சொல்லணும்." குப்பிகளை ஒவ்வொன்றாக அடுக்கி வைத்தாள். "ஆனா என் ஆய்வுலயும் அதே படம் இருக்கு. அதுக்கு அடியில நான் என்னன்னு எழுதுறது? அதை மட்டும் சொல்லிடுங்க."

அவன் குப்பிகளை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். அன்று பேராசிரியர் அறைக் கதவு வரைக்கும் போனான், உள்ளே அவர் யாரிடமோ போனில் "எங்க பையன் பண்ணின வேலை" என்று பீற்றிக்கொண்டிருந்தது கேட்டது. திரும்பிவிட்டான். வீட்டில் சூட் வந்திருந்தது. சுக்யோங் அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லி, காலரை இழுத்துவிட்டு, ஒரு அடி பின்னால் போய் நின்று பார்த்தாள்.

"ஏங்க, கொஞ்சம் நிமிர்ந்து நில்லுங்க. புரொபசர் மாதிரி."

அவன் நிமிர்ந்து நின்றான்.

அந்த வாரம்தான் பிராணிகளுக்கான அஞ்சலி நாள். ஆய்வுக்காகக் கொல்லப்பட்ட பிராணிகளுக்கு வருடத்துக்கு ஒரு முறை, விலங்குக் கூடத்தின் பின்னால் இருக்கும் நினைவுக்கல்லின் முன் படையல் வைப்பார்கள். பழம், அரிசிக் கேக், உலர்ந்த மீன், ஒரு கெண்டி அரிசிக்கள். கூடவே அந்தந்தப் பிராணிக்குப் பிடித்தது: முயலுக்குக் காரட், கோழிக்குச் சோளம், புழுவுக்கு முசுக்கட்டை இலை. மிளகாய்ச் செடிக்கு ஏன் படையல் இல்லை என்று ஹேரிம் ஒருமுறை கேட்டதற்கு, "அதுக்குத்தான் மூணு வேளையும் மிளகாய் போட்ட கிம்ச்சி சாப்பிடுறோமே" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். ஒவ்வொரு வருடமும் ஒரு ஆய்வுக்கூடத்தின் மூத்த மாணவன் அஞ்சலி வாசகத்தைப் படிக்க வேண்டும். அந்த வருடம் முறை பேராசிரியர் ஓக்கின் கூடத்துக்கு. அதாவது கிதேக்குக்கு.

வெயிலும் குளிரும் கலந்த காலை. இலையெல்லாம் கொட்டிப்போன மரத்தில் பழுத்த சீமைப்பனிச்சைப் பழங்கள் மட்டும் தொங்கின. முன்வரிசையில் டீன், கால்நடைத் துறைக்காரர்கள், மருத்துவத் துறைக்காரர்கள், எல்லோரும் கறுப்பு உடுப்பில். கிதேக் புது சூட்டில் பாயின் மேல் மண்டியிட்டான். வாசகம் பரம்பரையாக நகல் எடுத்து நகல் எடுத்து வந்தது. பிராணிகளின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். அவன் குரல் நன்றாகவே இருந்தது.

"வானும் மண்ணும் அறிய, இன்று உங்கள் முன் தலை தாழ்ந்து நிற்கிறோம். எலிகளே, முயல்களே, கோழிகளே, பட்டுப்புழுக்களே! நீங்கள் கேட்டு வந்ததல்ல இந்த மரணம். நாங்கள் கேட்டு வாங்கியது. ஆயினும் நீங்கள் தந்த உயிர்..."

அங்கே நின்றுவிட்டான். அடுத்து இருந்தது நான்கே சொற்கள். ஒருபோதும் வீணாகவில்லை என்று அறிவிக்கிறோம். வருடா வருடம் யாரோ படித்துக் கேட்ட வரி. டீன் இருமினார். பின்னால் யாரோ கால் மாற்றி நின்றார்கள். பேராசிரியர் ஓக் பாய்க்குப் பக்கத்தில் குனிந்து பல்லைக் கடித்தார்.

"படிடா. எழுத்து தெரியலயா?"

"தெரியுது சார்."

"அப்புறம் என்ன?"

"பட்டுப்புழுவை விட்டுட்டு மத்தவங்களுக்கு மட்டும் படிக்கட்டுமா சார்?"

"என்னது?"

"புழுங்களுக்கு இந்த வரி பொய் சார்." அவன் தாளை மடியில் வைத்துவிட்டான். மெல்லப் பேசுவதாக நினைத்துத்தான் பேசினான். ஆனால் அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது. "ரத்தம் கறுத்தது இலையால இல்ல. வடிக்கிறதுக்கு வச்ச பஞ்சால. வெறும் தண்ணியைப் பஞ்சுல வடிச்சு விட்டேன், அதுக்கும் கறுத்துது. இந்த வருஷம் ரத்தம் குடுத்த புழு அத்தனையும் பஞ்சுக்காகச் செத்துது சார். வீண் போகலன்னு அதுங்க முன்னாடி மண்டி போட்டுச் சொல்ல எனக்கு நாக்கு வரல."

பேராசிரியரின் முகம் சுண்ணாம்பு போல வெளுத்தது. அவர் பெயரில் மாநாட்டுக்குப் போன சுருக்கம், போனில் பீற்றிய பெருமை, எல்லாம் டீன் முன்னால் பாயில் விழுந்து கிடந்தது. "இதைச் சொல்ல உனக்கு வேற எடமே கெடைக்கலயா?"

"உங்க ரூமுக்கு வந்து வந்து திரும்பினேன் சார்."

ஹேரிம் கடைசி வரிசையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். பேராசிரியர் நிமிர்ந்தார். கல்லைப் பார்த்தார், படையலைப் பார்த்தார். அவர் பெருந்தன்மைக்காரர் என்று யாரும் சொன்னது கிடையாது. அன்றும் அவர் கோபம் தீரவில்லை. ஆனால் சொன்னது இது:

"முதல்ல மத்ததுங்களுக்குப் படிச்சு முடி. எலி என்ன பாவம் பண்ணிச்சு. புழுங்ககிட்ட அப்புறம் நீயே பேசிக்க."

கிதேக் பட்டுப்புழுவின் பெயரை விட்டுவிட்டு, அந்த வரியைச் சேர்த்து, முழுதும் படித்து முடித்தான். எல்லோரும் வணங்கினார்கள். பிறகு முசுக்கட்டை இலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துவைத்து, தாள் இல்லாமல், வாயில் வந்ததைப் பேசினான்.

"நீங்க ஒரு தப்பும் பண்ணல. பஞ்சைக் காட்டினோம், இது வெளியில இருந்து வந்ததுன்னு சரியாத்தான் சொன்னீங்க. ஒவ்வொரு தடவையும் சொன்னீங்க. நாங்கதான் எங்களுக்குப் புடிச்சதை நீங்க சொன்னதா எழுதிக்கிட்டோம். தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க."

நெற்றி பாயில் படக் குனிந்தான். எழுந்திருக்க நேரமானது. பேராசிரியர் ஓக் கெண்டியை எடுத்து அந்தத் தட்டுக்கு முன்னால் அரிசிக்கள் வார்த்தார். பாதி அவர் ஷூவிலேயே கொட்டியது.

வீட்டில் விஷயம் தெரிந்தபோது சுக்யோங் சூட்டைக் கழற்றி வாங்கி, மடித்து, மடித்ததைப் பிரித்து, மறுபடி மடித்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து விம்மினாள். அழுது ஓய்ந்த பிறகு சொன்னாள்: "புழு முன்னாடி மண்டி போட்டீங்கல்ல? இப்ப போய் எங்க அம்மா முன்னாடி மண்டி போட்டுச் சொல்லுங்க பாக்கலாம்." அவன் போனான், சொன்னான். மாமியார் பல நாட்கள் குளியல் விடுதிப் பக்கமே போகவில்லை.

பேராசிரியர் கொஞ்ச நாள் அவனோடு பேசவில்லை. ஒரு காலை வந்து, மாநாட்டுச் சுருக்கத்தைத் திரும்ப வாங்கிவிட்டதாகச் சொன்னார். "கடைசி அத்தியாயத்தை வெட்டிப் போடு. பஞ்சைப் பத்தி எழுது. ஆறு மாசம் ஆகும்." ஆறு மாதம் காத்திருக்கிறோம் என்று கல்லூரி முதலில் சொன்னது. அதற்குள் நாட்டின் பணம் சரிந்தது. வங்கிகள் மூடின, கம்பெனிகள் மூடின, பெண்கள் மோதிரங்களைக் கழற்றி நாட்டுக்குக் கொடுக்க வரிசையில் நின்றார்கள். கல்லூரி ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டது. பிப்ரவரியில் பட்டம் வாங்கியவர்கள் எப்படியோ உள்ளே புகுந்துகொண்டார்கள். ஆகஸ்டில் வாங்கியவனுக்கு எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. வருடக்கணக்கில் சாத்தியே இருந்தது.

ஹேரிம் தன் படத்தின் அடியில் உண்மையை எழுதி முதுகலை முடித்தாள். பிறகு குளுக்கோஸ் பாட்டில் தயாரிக்கும் ஆலையில் சேர்ந்தாள். பஞ்சையும் காகிதத்தையும் உள்ளே விடமாட்டேன் என்று சண்டை பிடித்தே அங்கே பெரிய அதிகாரி ஆகிவிட்டாள். புத்தாண்டுக்கு இன்றும் போன் செய்து "அண்ணே, புகையை விட்டீங்களா?" என்று கேட்பாள். அவர் அதை எப்போதோ விட்டுவிட்டார்.

டியூஷன் மோசமான பிழைப்பு இல்லை. பிள்ளைகள் அவரை நேசித்தார்கள், ஸோல் படித்து வேலைக்குப் போனாள். ஆனாலும் அந்த நடையும், கண்ணாடிக் கதவின் திறப்பும், இலை தின்னும் மழைச் சத்தமும், மேசையடியில் ஹேரிமின் ஏச்சும் அவர் மனதை விட்டுப் போகவே இல்லை. அந்த நாட்களுக்காக அவர் ஏங்கினார், வெட்கப்படாமல் ஏங்கினார். அதற்குப் பிறகு அவ்வளவு முழுசாக அவர் எதிலும் இருந்ததில்லை.

போன வசந்தத்தில் மாமனார் சமாதிக்குப் புல் வெட்டப் போகும்போது, கடலோரச் சாலையில் அந்தக் கல்லூரியைத் தாண்டிப் போனார்கள். வாயிலில் செர்ரி மரங்கள் பூத்திருந்தன, மாணவர்கள் கூட்டமாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருடத்தில் சுக்யோங் கேட்காத கேள்வியை அன்றுதான் கேட்டாள்.

"ஏங்க, ஒரு நாளாவது வருத்தப்பட்டீங்களா?"

"பின்ன? இந்த கேட்டைத் தாண்டுறப்பல்லாம் வயிறு எரியும்." அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார், ஆனால் நிறுத்தவில்லை. "புரொபசரா இருந்திருக்கலாம். நல்லாவும் இருந்திருப்பேன். அதுல சந்தேகமே இல்ல."

"அப்புறம்?"

"அன்னிக்கு அந்த வரியைப் படிச்சிருந்தா, ஸோல் அம்மா, இன்னி வரைக்கும் படிச்சுக்கிட்டே இருந்திருப்பேன்."